என்.ஓ.சி. அண்ணாச்சியும் 403-ன் குளியல் தொட்டியும்

வளைகுடா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், சுவரில் ஒரு ஆணி அடிக்க வீட்டு ஓனரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிய மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். அவர் ஷார்ஜாவில் எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் குடியிருந்தார். ஒரே ஆணி. இரண்டு இஞ்ச். மாதா படம் மாட்டுவதற்கு. விண்ணப்பத்தோடு சுவரின் வரைபடம், ஆணியின் ஃபோட்டோ, மாதாவின் ஃபோட்டோ மூன்றையும் இணைத்திருந்தார்.

எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த விண்ணப்பத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது. நாங்கள் 404-க்குக் குடிவந்த அன்றைக்கு, ஏ.சி. வேலை செய்யாமல், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நான் வெந்துகொண்டிருந்தபோது காலிங் பெல் அடித்தது. முழுக்கைச் சட்டையை டக்-இன் செய்து, பையில் மூன்று பேனா, கையில் ஒரு ஃபைலோடு ஒருவர் நின்றிருந்தார். இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் என்றுதான் நினைத்தேன்.

"வணக்கம்மா. நான் 403. நாளைக் காலையில பத்து மணியிலேருந்து பத்து அஞ்சு வரைக்கும் ஒங்க பக்கத்துச் செவுத்துல ஒரு ஆணி அடிக்கலாம்னு இருக்கேன். ஆட்சேபணை இல்லைன்னா இங்கன ஒரு கையெழுத்துப் போடுங்க."

"ஆணிதானே சார், தாராளமா அடிச்சுக்கோங்க."

"வாயால சொன்னா எப்படிம்மா? நாளைக்கு நீங்க மறந்துட்டியன்னா?"

"மறந்தா என்ன சார்? ஒரு ஆணி!"

"நீங்க மறக்கலாம். செவரு மறக்காதுல்லா."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் பத்து மணிக்குச் சரியாக நாலு அடி விழுந்தது. பத்து மணி இரண்டு நிமிஷத்துக்குத் திரும்பவும் பெல். "வேலை முடிஞ்சிட்டும்மா. மூணு நிமிசம் மிச்சம்" என்று வேலை முடிந்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நான் கதவைச் சாத்திவிட்டு என் கணவரிடம், "பக்கத்து வீட்ல ஒரு லூஸு இருக்குங்க" என்றேன். அந்த வார்த்தையை இப்போது முழுசாக வாபஸ் வாங்குகிறேன்.

இங்கே வந்து பிழைக்கிற எல்லாருக்கும் என்.ஓ.சி. என்றால் என்னவென்று தெரியும். ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாள். வேலை மாற அது வேண்டும், லைசென்ஸ் எடுக்க அது வேண்டும், சுவரில் கை வைக்கவும் அது வேண்டும். மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டு வாங்குவோம். அண்ணாச்சி ஒருவர்தான் அதைக் கோயில் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்குவார். அதனால் எங்கள் பில்டிங்கில் அவருக்கு என்.ஓ.சி. அண்ணாச்சி என்றே பெயர். ஊர் தூத்துக்குடிப் பக்கம். உண்மைப் பெயரை லிஃப்ட்டில் யாரைக் கேட்டிருந்தாலும் முழித்திருப்பார்கள்.

வேலையும் அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேலை. ஒரு கட்டுமானக் கம்பெனியில் டாக்குமெண்ட் கன்ட்ரோலர். வரைபடங்களுக்கும் கடிதங்களுக்கும் நம்பர் போட்டு அனுப்புவது, வாங்குவது, அடுக்குவது. முதல் தாள் 'ரெவிஷன் ஜீரோ'. ஒரு புள்ளி மாறினாலும் 'ரெவிஷன் ஒன்'. ஆபீஸோடு விட்டாரா மனிதர்? வீட்டு மளிகை லிஸ்ட்டிலும் ரெவிஷன் நம்பர் உண்டு. ஒருமுறை கீழே கடைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். கேட்டால், கையில் இருந்தது ரெவிஷன் டூ, அக்கா ஃபோனில் சொன்ன மல்லித்தழை அதில் ஏறவில்லையாம்.

அக்கா என்றால் அவர் மனைவி. ஒரு கிளினிக்கில் முப்பது வருஷம் நர்ஸ். நாங்கள் சிஸ்டர் அக்கா என்போம். அண்ணாச்சிக்கு நேர் எதிர். வாயைத் திறந்தால் நையாண்டிதான். "என்னையப் பொண்ணு பாக்க வந்தப்பவே எனக்கு டவுட்டுதான் பிள்ள. கேசரி சாப்பிட்டாவ, காப்பி குடிச்சாவ, எந்திரிச்சுப் போகும்போது எங்கப்பாகிட்ட 'ஆட்சேபணை இல்லைன்னு ரெண்டு வரி எழுதித் தாங்க மாமா'ன்னாவ. எங்கப்பா வெலவெலத்துப்போய் எழுதியே குடுத்துட்டாரு" என்பார். அண்ணாச்சி மறுக்கவே மாட்டார். "அது ஃபைல்ல இருக்கு" என்பார்.

நான் வேறு ஜாதி. சுவர் இருப்பதே துளை போடத்தான் என்று நினைப்பவள். குடிவந்த ஆறு மாதத்தில் இரண்டு ஷெல்ஃப், ஒரு கர்ட்டன் ராடு, ஒன்பது ஆணி. ஒரு வெள்ளிக்கிழமை சமையலறையில் மசாலா ஸ்டாண்டு மாட்ட டிரில்லிங் மிஷினை வைத்தேன். பைப்பில் இறங்கிவிட்டது. சுவரிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடித்த வேகத்தில் மல்லிப்பொடி டப்பா ஹாலுக்கு வந்தது. நான் கத்திய கத்தலில் அண்ணாச்சி ஓடிவந்து, முதலில் வால்வை மூடினார். பிறகு நனைந்த சட்டையோடு ஃபைலைத் திறந்தார்.

"இப்பவாவது ஓனருக்கு ஒரு லெட்டர் எழுதிருவமா?"

"எழுதலாம் அண்ணாச்சி. போன வாரத்துத் தேதி போட்டு எழுதுங்க. பெர்மிஷன் கேட்டுட்டுத்தான் டிரில் போட்ட மாதிரி இருக்கும்."

அவர் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டுமே! நான் என்னவோ அவரைக் கள்ள நோட்டு அடிக்கச் சொன்ன மாதிரி. "பின்தேதியா? நானா?" என்றார். அன்றைய தேதி போட்டு, நடந்தது நடந்தபடி, 'அனுமதியின்றி, அறியாமையால்' என்று ஆரம்பித்து எழுதினார். அறியாமை என்னுடையது. என் கையெழுத்துதான் போட்டேன். ஆனால் அந்த லெட்டரைப் பார்த்த ரியல் எஸ்டேட் ஆபீஸில் திட்டாமல் பைப்பைச் சரிசெய்து கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அந்த ஆபீஸ் எங்கள் பில்டிங்கின் முதல் மாடியிலேயே இருந்தது. அதில் இருந்தவர் ஜோஸ், திருச்சூர்க்காரர். அண்ணாச்சியின் ஃபைல் கதவுக்கு வெளியே தெரிந்தாலே அவருக்கு டீ குடிக்கத் தாகம் எடுத்துவிடும். ஓனரை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. எல்லாரும் அர்பாப் என்பார்கள். முதலாளி என்று அர்த்தம். அர்பாப் சொன்னார், அர்பாப் ஊரில் இல்லை, அர்பாப் கையெழுத்துப் போடவில்லை என்று ஜோஸ் வழியாகக் கேள்விப்படுவதோடு சரி.

இப்படிச் சிரிப்பும் கூத்துமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் சிஸ்டர் அக்கா விழுந்தார்.

கிளினிக்கில், துடைத்து ஈரம் காயாத தரையில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் ஆகி, வேலையை விட்டு, வாக்கர் பிடித்து நடக்கிற அளவுக்கு வந்தார். ஹாலில் நடந்தார், சமையலறையில் நடந்தார். பாத்ரூமில்தான் வில்லங்கம். எங்கள் பில்டிங் பழையது. ஒவ்வொரு ஃபிளாட்டிலும் பெரிய குளியல் தொட்டி. குளிக்கவேண்டும் என்றால் முழங்கால் உயரத்துக்குக் காலைத் தூக்கி உள்ளே வைக்கவேண்டும். அக்காவால் முடியவில்லை. கதவும் குறுகல், வாக்கர் நுழையாது. தினமும் காலையில் நான் போய், இரண்டு கையாலும் தாங்கி, நாற்காலி போட்டு உட்காரவைத்துக் குளிப்பாட்டினேன்.

நையாண்டி பேசுகிற அந்த வாய் அப்போது மட்டும் பேசாது. ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மெதுவாகச் சொன்னார். "எத்தனை ஆயிரம் பேரைக் குளிப்பாட்டிருக்கேன் பிள்ள. ஒருத்தரு முகத்தையும் அந்த நேரத்துல நான் பாக்க மாட்டேன். அவியளுக்குக் கூசும்லா. இப்ப எனக்குக் கூசுது." முதுகுப்பக்கம் போய் நின்றுகொண்டு தேய்த்துவிட்டேன்.

பிறகு அவரே முடிவும் சொன்னார். தூத்துக்குடியில் தங்கை வீடு இருக்கிறது. அங்கே சமதரை, வாளி, கப்பு. தானே குளித்துக்கொள்ளலாம். அண்ணாச்சிக்கு வேலை முடிய இன்னும் இரண்டு வருஷம். அவர் இங்கே இருக்கட்டும், நான் போகிறேன் என்றார். முப்பது வருஷத்தில் ஒருநாள்கூடப் பிரிந்து இருக்காத ஜோடி. ஒரு தொட்டி பிரிக்கப் பார்த்தது. அதை எடுத்துவிட்டு, சமதரையில் ஷவர் வைத்து, கதவை நாலு இஞ்ச் அகலமாக்கி, சுவரில் ஒரு கைப்பிடி போட்டால் தீர்ந்தது. இரண்டு நாள் வேலை.

வேறு யாராக இருந்தாலும் அடுத்த வெள்ளிக்கிழமையே கொத்தனாரைக் கூப்பிட்டு முடித்திருப்பார்கள். அண்ணாச்சி ஃபைலைத் திறந்தார்.

பதினாலு பக்கம். தொட்டியின் நீளம், அகலம், உயரம். வாக்கரின் அகலம். கதவு இப்போது எவ்வளவு, இனி எவ்வளவு. எந்த டைல், எந்தப் பைப், தண்ணீர் கீழ்வீட்டுக்கு இறங்காமல் இருக்க என்ன பூச்சு. கடைசிப் பக்கத்தில் டாக்டர் சர்ட்டிஃபிகேட். ஜோஸ் அதைக் கையில் வாங்காமலே பார்த்தார்.

"அண்ணாச்சி, எந்தினா இதொக்கெ, எதுக்கு இதெல்லாம்? நீங்க செஞ்சோ. ஞான் ஒண்ணும் கண்டிட்டில்ல. கண்ணை மூடிக்கலாம். போரே, போதாதா?"

"அப்ப, கண்ண மூடிக்கிடுதேன்னு ஒரு லெட்டர் குடுங்க."

ஜோஸுக்குத் தாகம் எடுத்துவிட்டது. விண்ணப்பம் போனது. மூன்று வாரம் கழித்து ஒரு வரியில் பதில் வந்தது. குளியலறையில் எந்த மாற்றமும் கூடாது. அண்ணாச்சி ரெவிஷன் ஒன் போட்டார். பதிலே இல்லை. ரெவிஷன் டூ, த்ரீ. ஆறு ஆனது. அக்காவுக்கு டிக்கெட் பார்க்கிற பேச்சு வந்துவிட்டது. சூட்கேஸைப் பரணிலிருந்து இறக்கிவைத்திருந்ததைப் பார்த்த அன்றைக்கு எனக்கு ரத்தம் கொதித்தது. நேராகப் போய் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டேன்.

"உங்களுக்குப் பொண்டாட்டி பெருசா, பேப்பர் பெருசா அண்ணாச்சி? ஊரே பார்ட்டிஷன் அடிச்சு வாடகைக்கு விடுது. இந்த ஓட்டைத் தொட்டியை உடைச்சா வானம் இடிஞ்சு விழுந்துடுமா? இதோ, நான் உடைக்கிறேன். சுத்தியலைக் குடுங்க!"

அவர் என்னையே பார்த்தார். கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நாளைக்கு ரெவிஷன் ஏழு போகுதும்மா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு நாள் அவர் முகத்தில் முழிக்கவில்லை.

கடைசியில் ஜோஸ்தான் மனமிரங்கினார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் அர்பாப் வீட்டு மஜ்லிஸில் உட்காருவாராம். வந்தவர்களைப் பார்க்கிற பெரிய கூடம் அது. யார் வேண்டுமானாலும் போகலாம். "அக்காவையும் கொண்டுபோங்க. பேப்பர் கொஞ்சம் கம்மியா கொண்டுபோங்க" என்றார். என் கணவர் காரில் அக்காவும் வாக்கரும் நானும் பின்னால். அண்ணாச்சி முன்னால், மடியில் முழு ஃபைலோடு. ஒரு தாளைக்கூடக் குறைக்கவில்லை.

அர்பாப் எழுபது வயதைத் தாண்டியவர். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் ஜெபமாலை. இந்தியை நம்மைவிட நன்றாகப் பேசினார். பேரீச்சம்பழம் வந்தது, விரலளவு கப்பில் காவா என்கிற அரபுக் காப்பி வந்தது. போதும் என்றால் கப்பை லேசாக ஆட்டிக் கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இத்தனை வருஷம் இருந்தும் பதற்றத்தில் நான் அதை மறந்துபோய், ஏழு கப் குடித்தேன். நெஞ்சு படபடவென்று அடித்ததற்குப் பாதிக் காரணம் அதுதான்.

ஜோஸ் விஷயத்தைச் சொன்னார். அர்பாப் அக்காவைப் பார்த்தார், வாக்கரைப் பார்த்தார், கையை வீசினார். "செஞ்சுக்கோ. கலாஸ்" என்றார். முடிந்தது என்று அர்த்தம்.

எனக்கு எழுந்து நின்று கைதட்டவேண்டும்போல இருந்தது. அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. ஃபைலைத் திறந்து, பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி நீட்டினார். ஜோஸ் காலால் இடித்தார். அண்ணாச்சி காலைத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அர்பாப்பின் முகம் மாறியது. "என் வாக்கு போதாதா?"

"உங்க வாக்கு எனக்குப் போதும் அர்பாப். நாளைக்கு யாராவது செக்கிங் வந்து கேட்டா, அதை எடுத்துக் காட்ட முடியாதே" என்றார் அண்ணாச்சி, கட்டிட சைட்டில் பழகிய தன் இந்தியில்.

போச்சு, கிடைத்ததையும் கெடுத்துவிட்டாரே மனிதர் என்று நான் தலையில் கை வைத்தேன். அப்போது சிஸ்டர் அக்கா பேசினார். அதுவும் இந்திதான். நையாண்டி ஒரு துளி இல்லை.

"தப்பா நினைக்காதீங்க. இவரு உங்களை நம்பாம கேக்கலை. கல்யாணமாகி வந்த புதுசுல ஒரு வில்லாவுல பலகை அடிச்சு மறைச்ச ரூம்ல இருந்தோம். அதுக்குப் பெர்மிஷன் இருக்கா இல்லையான்னு நாங்க கேக்கவே இல்லை. ஆகஸ்ட் மாசம் ஒருநாள் செக்கிங் வந்து, ஒரு மணி நேரத்துல வெளியேத்திட்டாங்க. எனக்கு எட்டு மாசம், மூத்தவன் வயித்துல. நாள் முழுக்க பார்க்கிங்ல சூட்கேஸ் மேல உக்காந்திருந்தேன். அன்னைக்கு இவரு சொன்னாரு, 'இனி நீ உக்காந்த எடத்துலருந்து ஒருத்தன் உன்னைய எந்திரின்னு சொல்ல முடியாது'ன்னு. அதுக்கு முன்னாடி விளையாட்டா இருந்த பேப்பர் பழக்கம், அன்னையிலருந்து பைத்தியமாயிடுச்சு."

அண்ணாச்சி குனிந்து ஃபைலின் கிளிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. நான் கேட்ட 'பொண்டாட்டி பெருசா பேப்பர் பெருசா' இப்போது என்னையே முள்ளாகக் குத்தியது.

அர்பாப் தன் கண்ணாடியைக் கொண்டுவரச் சொன்னார். போட்டுக்கொண்டு முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தார். ஏழு ரெவிஷன் போயிருக்கிறது, அதுவரை ஒரு ஜீவன் அதைப் படித்ததில்லை. அரைமணி நேரம் படித்தார். ஒன்பதாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"மூணாம் பக்கத்துல கதவு எண்பது சென்டிமீட்டர். இங்கே எண்பத்திரெண்டு. எது சரி?"

அண்ணாச்சி எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. "எண்பத்திரெண்டுதான் சரி அர்பாப்! மன்னிச்சிருங்க. ரெவிஷன் எட்டு போட்டுருதேன்!" என்றார். பாதி இந்தி, பாதி தூத்துக்குடி.

அர்பாப் சிரித்துவிட்டார். அங்கேயே பேனாவால் திருத்தி, கையெழுத்துப் போட்டார். போடுவதற்கு முன் அரபியில் ஒரு வரி எழுதினார். அந்தக் கட்டிடம் அவர் அப்பா கட்டியது. அந்தத் தெருவில் தொட்டி வைத்த முதல் கட்டிடமாம். தொட்டிகளை அப்பாவே கப்பலில் வரவழைத்து, இறக்கும்போது கூட நின்றாராம். அதனால் ஒரு நிபந்தனை: தொட்டியை உடைக்கக்கூடாது, தூக்கிப் போடக்கூடாது, வீட்டைக் காலி செய்யும்போது மறுபடி பொருத்தவேண்டும். நிபந்தனை என்று கேட்டதும் அண்ணாச்சிக்கு இன்னும் சந்தோஷம். அதற்கு ஒரு தனி ஃபைல் போடலாமே.

அடுத்த வாரம் 403 ஒரு முழு சைட்டாகிவிட்டது. பாத்ரூம் வாசலில் சிவப்பு வெள்ளை நாடா. அண்ணாச்சி தலையில் ஹெல்மெட். வந்த இரண்டு பெஷாவர் மேஸ்திரிகளையும் நிறுத்திவைத்துப் பத்து நிமிஷம் பாதுகாப்பு உரை. தொட்டியைக் கீறல் விழாமல் பெயர்த்தார்கள், ஆனால் வாசலில் சிக்கிக்கொண்டது. படுக்கவைத்தார்கள், நிமிர்த்தினார்கள், கடைசியில் கதவை அகலமாக்கிய பிறகுதான் குழந்தை பிறந்த மாதிரி வெளியே வந்தது. பால்கனியில் வைத்தால் வெயிலில் நிறம் மங்கும் என்று ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் வைத்தார் அண்ணாச்சி. தொட்டிக்கு ஒரு டேக்கும் கட்டினார். 'அர்பாப்பின் உடைமை. எதையும் உள்ளே வைக்காதீர்கள்.'

வேலை முடிந்து அக்கா தனியாகக் குளிக்கப் போன அன்று நான் அங்கே இருந்தேன். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது. எத்தனை மாதம் கழித்து! நானும் அண்ணாச்சியும் தொட்டிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. இருபது நிமிஷம், முப்பது நிமிஷம். "கூப்பிட்டுப் பாக்கட்டுமா அண்ணாச்சி?" என்றேன். "வேண்டாம். குளிக்கட்டும்" என்றார். ஐம்பது நிமிஷம் கழித்து, தலையில் துண்டோடு, வாக்கரை உருட்டிக்கொண்டு அக்கா வந்தார். எங்களைப் பார்த்தார்.

"என்ன ரெண்டு பேரும் பாத்ரூமையே பாத்துட்டு உக்காந்திருக்கிய? வீட்ல வேலை இல்லையா?"

அந்த வாய் திரும்ப வந்துவிட்டது. நான் எழுந்து வீட்டுக்கு வந்து, என்ன காரணம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதேன். சூட்கேஸ் மறுபடி பரணுக்குப் போனது.

தொட்டி இரண்டு வருஷம் ஹாலிலேயே இருந்தது. விருந்தாளிகள் அதைச் சுற்றி உட்கார்ந்து டீ குடித்தார்கள். அண்ணாச்சி வாரம் ஒருமுறை துடைத்தார். என் மகன் பிறந்தநாளுக்கு ஜூஸ் பாட்டில்களை ஐஸில் போட இடமில்லாமல், "ஒரு சாயங்காலம் குடுங்க அண்ணாச்சி" என்று கேட்டேன்.

"எழுத்துல கேளுங்க."

எழுதினேன். மறுத்துவிட்டார். ஐஸ்கட்டி கீறுமாம். கீழே கெட்டியான துணி விரிப்பதாக ரெவிஷன் ஒன் எழுதிக் கொடுத்தேன். அர்பாப்புக்கே அனுப்பி, அவர் 'ஆட்சேபணை இல்லை, எனக்கும் கேக் அனுப்பவும்' என்று எழுதிய பிறகுதான் கொடுத்தார்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. அண்ணாச்சி ஓய்வு பெற்றார். ஊருக்குப் போவதற்கு ஒரு வாரம் முன், நிபந்தனைப்படி தொட்டியைப் பொருத்த அதே மேஸ்திரிகளை வரச்சொல்லிவிட்டு, அர்பாப்புக்குத் தகவல் அனுப்பினார். யாரும் எதிர்பார்க்கவில்லை, அர்பாப் நேரிலேயே வந்துவிட்டார். இப்போது அவர் கையிலும் தடி.

தொட்டியைச் சுற்றிவந்து பார்த்தார், ஒரு கீறல் இல்லை. பாத்ரூமுக்குப் போனார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஷவருக்குக் கீழே போய் நின்றார். வெளியே வந்தார். மறுபடி உள்ளே போய் நின்றார். "இந்தக் கட்டிடத்துல நான் பயமில்லாம குளிக்கிற மாதிரி இருக்கிற பாத்ரூம் இது ஒண்ணுதான்" என்றார். "இது இப்படியே இருக்கட்டும். தொட்டியை என் தோட்டத்துக்கு அனுப்பு."

"நிபந்தனையில அப்படி இல்லையே அர்பாப்" என்றார் அண்ணாச்சி.

அர்பாப் கையை நீட்டினார். பேனாவுக்காகத்தான். அண்ணாச்சி தாளை எடுத்து வைத்தார். ரெவிஷன் ஒன்பது, தொட்டியைத் திரும்பப் பொருத்தத் தேவையில்லை. முதலிலேயே டைப் செய்து, ஒரு நம்பிக்கையில் பையில் வைத்திருந்திருக்கிறார் மனிதர்! தொட்டி இப்போது அர்பாப்பின் தோட்டத்தில் இருக்கிறது. ஆடுகள் அதில் தண்ணீர் குடிக்கின்றனவாம். டேக்கைக் கழற்றவில்லை என்று ஜோஸ் சொன்னார்.

ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது நான் அண்ணாச்சியிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்குப் பேசிய பேச்சுக்கு. "அத நான் ஃபைல் பண்ணவே இல்லம்மா" என்றார்.

அவர்கள் போனதும், அண்ணாச்சியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தபடி, நாங்கள் 404-லிருந்து 403-க்கு மாறிக்கொண்டோம். எனக்கும் போன வருஷத்திலிருந்து முழங்கால் மக்கர் செய்கிறது. முதல் நாள் குளிக்கப்போய்க் கைப்பிடியை எட்டிப் பிடித்தபோதுதான் கவனித்தேன். அதற்கு மேலே டைலில், தண்ணீர் படாமல் லேமினேட் செய்து, அவருடைய அச்சடித்த மாதிரியான கையெழுத்தில் சின்னதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது.

'இந்தக் கைப்பிடிக்கு அனுமதி உண்டு. தங்கச்சி பயப்படாமல் பிடித்துக்கொள்ளவும்.'

தினமும் பிடித்துக்கொள்கிறேன் அண்ணாச்சி.